காயல்பட்டினத்தில் பாதி சஹன்

போன பிப்ரவரியில் மணப்பாடு கடலைப் பார்க்கக் கிளம்பினேன். ஓய்வு பெற்றதும் கணவரும் நானும் சேர்ந்து போவதாக இருந்த பயணம். அவர் முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். நானாவது பார்ப்போமே என்று கோவையிலிருந்து தனியாக வந்தேன்.

தனிப் பயணத்தில் எனக்கு ஒரே கஷ்டம், ஓட்டல்தான். நுழைந்ததும் “எத்தனை பேர்?” என்பார்கள். “ஒருத்தர்தான்” என்று சொல்ல நா எழாது. பார்சல் வாங்கிவந்து அறைக் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிடுவேன். தூத்துக்குடியில் இரண்டு நாளும் அதே கதை.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குத் திருச்செந்தூர் பஸ் ஏறினேன். அங்கிருந்து மணப்பாட்டுக்கு வண்டி மாற வேண்டும். முப்பது கிலோமீட்டர் சொச்சம் வந்து, காயல்பட்டினத்தில் பஸ் படுத்துவிட்டது.

“அடுத்த வண்டி இப்ப வந்துரும், அங்கன நிழல்ல நில்லுங்க” என்றார் கண்டக்டர். வந்தபாடில்லை. பசி காதை அடைத்தது. நெய்ச்சோற்று வாசனை வந்த சந்துக்குள் நுழைந்தேன்.

ஒரு வீட்டு முன்னறைதான் கடை. பெண்களுக்கு மட்டும். பாயில் இருவர் இருவராக, ஒரே தாம்பாளத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடத்துகிற மரியத்துக்கு நாற்பது வயதிருக்கும்.

“சஹன் சாப்பாடுக்கா, ஒரு தட்டுக்கு ரெண்டு பேரு. கூட யாரு வாரா?”

“யாருமில்லை.”

சொல்லிவிட்டுத் திரும்பிப் போகப் பார்த்தேன். “இரிங்கக்கா, நானும் இன்னும் சாப்பிடல” என்று கையைக் கழுவிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

நெய்ச்சோறு, கல்யாண விருந்துக் கறியான களறிக்கறி, கத்தரிக்காய் மாங்காய். நல்ல கறித்துண்டு ஒன்றை மரியம் என் பக்கம் தள்ளினார். மீனில் நடுத்துண்டை என் கணவர் இப்படித்தான் தள்ளுவார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“காரமாக்கா?”

“ஆமாம்.”

அதில் காரமே இல்லை. மரியம் தண்ணீரை நகர்த்தி வைத்தார்.

அப்போது துபாயிலிருந்து அவர் கணவரின் போன். “சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஒரு அக்கா கூட” என்றவர், வைத்ததும் சிரித்தார். “தனியாவா சாப்பிடுதேன்னு தெனமும் கேப்பாங்கக்கா. இல்லன்னு பொய் சொல்லுவேன். அடுப்படியில நின்னுக்கிட்டே திம்பேன். இன்னைக்குத்தான் நெசம் சொன்னேன்.”

அப்படிக் கேட்கவாவது அவருக்கு ஆள் இருக்கிறது என்று பொறாமையாக இருந்தது. இருந்தும், அன்று நான் ஒருத்திக்குத் துணையாக இருந்திருக்கிறேன்.

போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை மட்டும்தான் சாப்பாடு, ஒரு மணிக்குள் போய்விடுங்கள். தலைக்கு இருநூறு ரூபாய். தனியாகப் போகும் பெண்கள் தயங்க வேண்டாம்.

மறுநாள் மணப்பாட்டிலிருந்து திரும்பும்போது திருச்செந்தூர் ஓட்டலில், “எத்தனை பேர்?” என்றார்கள். “ஒருத்தர்தான்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். இலை நிறையச் சோறு வந்தது. பாதிக்கு மேல் கை போகவில்லை.