தகட்டுக்கு அடியில் இருந்தவள்

புருஷன் வீட்டைவிட்டு அவள் கிளம்பியது ஒரு வியாழக்கிழமை மத்தியானம். இடது கையில் முழங்கைவரை கட்டு. பெட்டியை வலது கையில் தூக்கிக்கொண்டாள். தையல் மெஷினைத் தூக்க இன்னொரு கை வேண்டும். அதை அப்படியே விட்டுவிட்டாள்.

"கை ஆறினா கோவமும் ஆறிடும்," என்றாள் மாமியார், நாற்காலியைவிட்டு எழாமலே. "வெல்டிங் பட்டறையில நெருப்பு தெறிக்காம பன்னீரா தெறிக்கும்?"

"நெருப்பு தெறிச்சதுக்குப் போகல அத்தை."

"பின்ன எதுக்காம்?"

அவள் வாசலில் இறங்கிவிட்டாள். அதற்குப் பதில் சொல்லவேண்டியவன் பட்டறைக்குள் கிரைண்டரை ஓடவிட்டுக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் அவள் தெருமுனை திரும்பும்வரை நிற்கவில்லை.

கார் சீட் தைக்கிறவரின் மகள் அவள். கல்யாணமாகி வந்த இடத்திலும் காரின் வயிற்றுக்குள்தான் பிழைப்பு. அவள் புருஷன் பந்தயக் கார்களுக்குள் இரும்புக் கூண்டு கட்டுகிற வெல்டர். கார் உருண்டாலும் உள்ளே இருப்பவனை நசுங்கவிடாத கூண்டு அது. அதன் கால்களைக் காரின் மெல்லிய தரையில் நேரே நிறுத்தினால், விழுகிற வேகத்தில் தரையைக் கிழித்துக்கொண்டு இறங்கிவிடும். அதனால் ஒவ்வொரு காலுக்கும் அடியில் அகலமான கனத்த தகடு ஒன்றை வைத்துத் தரையோடு பற்றவைக்க வேண்டும்.

சீட்டைக் கழற்றி, விரிப்பை உரித்து, காருக்கு அடியில் பூசியிருக்கும் தாரைச் சுரண்டுவது அவள் வேலை. பெட்ரோல் டாங்க்கை இறக்கி, பாட்டரியைக் கழற்றி வைப்பது அவன் வேலை. அப்புறம் அவன் காருக்குள் குந்தி மேலிருந்து நெருப்பு வைப்பான். அவள் கீழே சக்கரப் பலகையில் படுத்து, எங்காவது பற்றுகிறதா என்று ஈரச்சாக்கோடு காவல் கிடப்பாள். பட்டறையில் அவளுக்குப் பெயரே ஈரச்சாக்குதான்.

ஹெல்மெட் மாட்டியவனுக்குத் தன் முனையில் எரிகிற வெளிச்சத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஆகவே கீழிருந்து சுத்தியலால் தகரத்தில் ஒரு தட்டு என்றால் 'போடு'. இரண்டு தட்டு என்றால் 'நிறுத்து'.

"உங்க வீட்டுல பேச்சுவார்த்தையே சுத்தியல்லதானா அண்ணி?" என்பான் பட்டறையில் வேலை செய்யும் பெயிண்டர்.

"பேசினா யாரு கேக்கறா? தட்டினாத்தான் கேக்கறாரு."

பொய்யில்லை. அவள் நகத்தால் இரண்டு தட்டினாலே அவன் கை நின்றுவிடும். வீட்டில் அவன் அம்மாவிடம் எகிறும்போதுகூட, சமையலறைச் சுவரில் அவள் இரண்டு தட்டு தட்டுவாள், வாய் மூடிக்கொள்வான். தாலி கட்டியதைவிட அந்த இரண்டு தட்டைத்தான் அவள் பெரிதாக நம்பினாள்.

அவள் கிளம்பிய அந்த வாரம் வந்த கார்க்காரன் போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டே நின்றான். விரல் நீளத்துக்கு ஒரு பற்று, எதிர்மூலையில் இன்னொன்று, நடுவில் ஆறவிடுவது என்று வழக்கம்போல வேலை நடந்தது.

"என்னண்ணே, எறும்பு ஊர்ற மாதிரி? ஒரே இழுப்புல இழுங்க. வீடியோ கெத்தா இருக்கும்."

மேலே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு நெருப்பு நிற்கவே இல்லை. அவள் தலைக்கு மேலே தகரம் சிவந்து, சிவப்பு நகர்ந்துகொண்டே போனது. சுரண்டிய எல்லையைத் தாண்டியிருந்த தார் கொப்பளித்துப் பற்றியது. இரண்டு தட்டு தட்டினாள். நிற்கவில்லை. மறுபடி தட்டினாள். எரிகிற தார் ஒழுகி, சாக்கைப் பிடித்திருந்த கையில் விழுந்தது. அவள் பலகையோடு உருண்டு வெளியே வந்தபோது அவன் கடைசி மூலையை முடித்துக்கொண்டிருந்தான்.

"தட்டினேனே!" என்றாள்.

அவன் ஹெல்மெட்டைத் தூக்கினான். முதலில் பார்த்தது தகட்டை. அப்புறம்தான் அவள் கையை. "ஐயோ... கேக்கலையே."

அன்று இரவு கேட்டபோதும் அதே பதில்தான். மறுநாள் காலையிலும் அதேதான். தரை சூட்டில் நெளிந்துபோனதால், அந்தத் தகட்டை வெட்டி எடுத்துப் போட்டு, வேறொன்றைப் பழையபடி நிறுத்தி நிறுத்திப் பற்றவைத்தான் என்று பின்னால் பெயிண்டர் வந்து சொன்னான். அந்தத் தகடு ஒன்றுக்கும் ஆகவில்லை. அதன் தழும்பு அவள் கையில்தான் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது.

பஸ் சீட் தைக்கிற கொட்டகையில் வேலை கிடைத்தது. பின்பக்கமே தங்க ஓர் அறை. ஒருமுறை அவன் தேடி வந்தான், களிம்பு டியூபோடு. புண் ஆறித் தோல் சுருங்கிய பிறகு களிம்பு!

"கேட்டுச்சு, நிறுத்தலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே பெட்டியைத் தூக்கறேன்."

"கேக்காததைக் கேட்டுச்சுன்னு எப்படிச் சொல்றது?"

"நகத்தால தட்டினா கேக்கும். சுத்தியலால தட்டினா கேக்கலையா?"

"உனக்குப் பிடிவாதம்."

"ஆமா. போயிட்டு வாங்க."

அவளுடைய அக்காகூடத் திட்டினாள். "ஒரு சத்தத்துக்காக யாராவது குடும்பத்தை விடுவாளாடி?" அவளுக்கே சில நாள் சந்தேகம் வரும். நிஜமாகவே கேட்கவில்லையோ? பாவம், பொய் சொல்லத் தெரியாதவன் ஆயிற்றே. அப்போதெல்லாம் மெஷின் மேசையை நகத்தால் இரண்டு தட்டிப் பார்ப்பாள். கொட்டகை மூலையில் இருப்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள்.

நாலைந்து வருஷம் ஓடிவிட்டது. ஒருநாள் சீட்டுக்கு நூல் கோத்துக்கொண்டிருக்கையில் போன் அதிர்ந்தது. அவன்தான். முதலில் ஒரு படம். பட்டறைச் சுவரில், சாமி படம் மாட்டுகிற உயரத்தில், அந்தத் தகடு. சுற்றிலும் ஒரே சீராக, முத்துக் கோத்ததுபோல் பற்றவைத்த கோடு. கரி பிடித்த அடிப்பக்கம் சுவரைப் பார்த்திருந்தது. படத்துக்குக் கீழே எழுதியிருந்தான்:

"நல்லா இருக்கியா. இப்ப கீழ படுக்கறவன் தொட்டதுக்கெல்லாம் தட்டறான். நிறுத்தி நிறுத்திப் போட்டா கோடே அமைய மாட்டேங்குது. இதைப் பாரு. அன்னிக்கு நீ அத்தனை தட்டு தட்டியும் கை அசையாம இழுத்தேன். வர்றவங்க எல்லாரும் இதைத்தான் போட்டோ எடுக்கறாங்க. உன் மெஷின் அப்படியே இருக்கு. எப்ப வர்ற?"