இருபத்திரண்டு வருஷ வேலையும் ஒரு கையெழுத்தும்

எர்த்தண்ணனுக்குப் பெத்தவங்க வச்ச பேரு என்னன்னு கேட்டா எங்க தெருவுல முக்காவாசிப் பேருக்குத் தெரியாது. லைசன்ஸுக்கு விண்ணப்பம் எழுதுறப்பதான் எனக்கே தெரிஞ்சுது. எந்த வீட்டுக்கு வயரிங் வேலைக்குப் போனாலும் முதல்ல எர்த்துக் கம்பியைத்தான் பார்ப்பாரு. "லைட்டு எரியலைன்னா இருட்டு, அவ்வளவுதான். எர்த்து இல்லைன்னா ஆளே இல்லை"ன்னுவாரு. வீட்டுக்காரங்க மிச்சம் பிடிக்கிறதுக்காக "அது இல்லாட்டி என்ன"ன்னு இழுத்தா, பையைத் தூக்கிக்கிட்டு நடையைக் கட்டிடுவாரு. அப்படி ஒட்டின பேரு அது.

நான் எலக்ட்ரிக் சாமான் கடை வச்சிருக்கேன். சாமான் விக்கிறதை விட வாயை விக்கிறதுதான் அதிகம்னு என் வீட்டுக்காரி சொல்வா. யாரு வீட்டுல ஃபியூஸ் போச்சுன்னும் எனக்குத் தெரியும், புருஷன் பொண்டாட்டி சண்டையில எந்த சுவிட்சு உடைஞ்சுதுன்னும் தெரியும். அதனால இந்தக் கதையும் எனக்கு அடியில இருந்து தெரியும்.

அண்ணனுக்கு லைசன்ஸ் கிடையாது. அது இருந்தது அண்ணியோட கூடப் பிறந்த அண்ணன்கிட்ட. அவரைக் காண்ட்ராக்டர்னு சொல்வோம். இருபத்திரண்டு வருஷம் இப்படித்தான் ஓடுச்சு. வேலைக்கு எர்த்தண்ணன், பேப்பருக்கு மச்சான். வயரிங் முடிஞ்சதும் ஒரு டெஸ்ட் ரிப்போர்ட் கொடுக்கணும். 'நானே நேர்ல சோதிச்சேன், எல்லாம் சரியா இருக்கு'ன்னு லைசன்ஸ்காரரு கையெழுத்துப் போட்டாத்தான் கரண்ட் ஆபீஸ்ல இணைப்பு தருவாங்க. ஆரம்பத்துல காண்ட்ராக்டர் வந்து ஒரு பார்வை பார்த்துட்டுப் போடுவாரு. அப்புறம் வீட்டுல இருந்தே போட்டாரு. அப்புறம் முட்டி வலி வந்துச்சு. "அதுக்கு ஒரு நடை நடக்கணுமா மாப்பிள்ளை, நீங்களே போட்டுடுங்களேன்"னாரு. மாப்பிள்ளையும் போட்டாரு. தன் கையெழுத்தைப் போட மூணு நிமிஷம் ஆகும் அவருக்கு. மச்சான் கையெழுத்து ஒரே இழுப்புல விழும். அவ்வளவு பழக்கம்.

போன வருஷம் புதுச் சட்டம் வந்துச்சு. வயரைத் தொடுற ஒவ்வொரு ஆளும் தன் பேருல லைசன்ஸ் வச்சிருக்கணும், இல்லைன்னா கட்டடத்துக்குள்ளயே கால் வைக்கக் கூடாது. ஒரு பெரிய கட்டடத்து வாட்ச்மேன் அண்ணனை வாசல்லயே நிறுத்திட்டான். உள்ள இருக்கிற வயரு முழுக்க அண்ணன் இழுத்தது. அதை அவன்கிட்ட சொல்லி என்ன பண்றது, அவன் பார்க்கிறது கழுத்துல தொங்குற அட்டையைத்தான்.

ரெண்டு மாசம் வேலை இல்லாம என் கடை ஸ்டூல்ல உட்கார்ந்திருந்தாரு. அப்பதான் லைசன்ஸ் ஆபீஸ்ல இருந்து ஒரு நோட்டீஸ் வந்துச்சு. பள்ளிக்கூடம் போகாதவங்களும் பயப்பட வேணாம், பல வருஷமா செஞ்ச வேலையைக் காட்டுங்க, அதையே படிப்பா எடுத்துக்கிட்டு லைசன்ஸ் தர்றோம்னு. அஞ்சு வருஷ அனுபவத்துக்கு அத்தாட்சி, செஞ்ச வேலைங்களோட போட்டோ பத்து, வேலை கொடுத்தவரோட கடிதம். அதுக்கப்புறம் ஒரு செய்முறைத் தேர்வு, ஒரு நேர்காணல். எழுதப் படிக்கத் தடுமாறுறவங்க துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிட்டு வரலாம்னும் போட்டிருந்துச்சு. அண்ணன் அஞ்சாவது, நான் எட்டாவது. எங்க தெரு அளவுக்கு நான் பண்டிதன்.

போட்டோ எடுக்க என் போனோட வீடு வீடாப் போனோம். ஒரு கிளினிக்ல மெயின் போர்டைத் திறந்தோம். வயரெல்லாம் சீவி விட்ட தலை மாதிரி இருந்துச்சு. ஆனா கதவுக்கு உட்பக்கம் ஸ்டிக்கர். மச்சான் பேரு, மச்சான் லைசன்ஸ் நம்பரு. ஒட்டினதும் அண்ணன்தான், சுருக்கம் விழாம ஒட்டியிருந்தாரு. பத்து இடத்துலயும் அதேதான். ஒரு வீட்டுல அந்த அம்மா அண்ணனை உத்துப் பார்த்துச்சு.

"ஞாபகம் இருக்கு. அந்தக் காண்ட்ராக்டர் சார் ரொம்ப நல்லா செஞ்சு கொடுத்தாரு. நீங்க அப்ப ஏணி பிடிச்சவருதானே?"

"ஆமாங்கம்மா"ன்னாரு அண்ணன்.

வெளிய வந்ததும் கேட்டேன். "ஏண்ணே, ஏணி பிடிச்சீங்களா, ஏணி மேல நின்னீங்களா?"

"வயசானவங்க. விடுங்க தம்பி."

கடிதம் வாங்குறதுதான் பெரிய பாடு. காண்ட்ராக்டருக்கு உள்ளுக்குள்ள உதறல். வேலையெல்லாம் இவரு செஞ்சாருன்னு எழுதினா, 'நானே சோதிச்சேன்'னு இத்தனை வருஷம் கொடுத்த பேப்பரெல்லாம் என்ன ஆகும்? நாலு தடவை நடந்தோம், நாலு தடவையும் முட்டி வலின்னாரு. முட்டியால எழுதச் சொன்ன மாதிரி. கடைசியில அண்ணி போய் தன் கூடப் பிறந்தவரு முன்னால அழுதுச்சு. "இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் அவரு. ரெண்டு கண்ணுல எதைண்ணே குத்திக்கச் சொல்றே?"ன்னுச்சாம். மறுநாள் கடிதம் வந்துச்சு. நாலே வரி. 'என் தங்கை கணவர் இருபத்திரண்டு வருடங்களாக எனக்குக் கூடமாட ஒத்தாசை செய்து வந்தார்.'

அண்ணன் அதை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டாரு. இன்னொரு தடவை படிங்கன்னாரு. படிச்சேன். மடிச்சு ஃபைல்ல வச்சாரு.

செய்முறைத் தேர்வுல ரெண்டு மணி நேரம் கொடுத்தாங்க. அண்ணன் ஐம்பது நிமிஷத்துல போர்டை முடிச்சுட்டு, சிந்தின வயர் தோலையெல்லாம் பொறுக்கிப் பையில போட்டுக்கிட்டு நின்னாரு. தேர்வு வச்சவரு மத்தவங்களைக் கூப்பிட்டுக் காட்டினாரு. எனக்குத் தலைகால் புரியலை. நேர்காணலுக்கு வராந்தாவுல காத்திருந்தப்ப அவரு காதுல ஓதினேன். "அடக்கமா பேசிக் கெடுத்துடாதீங்கண்ணே. செஞ்சது எல்லாத்தையும் சொல்லுங்க. ஒண்ணு விடாதீங்க." நாக்குல சனின்னு சொல்வாங்கல்ல, எனக்கு அது பரம்பரைச் சொத்து.

உள்ள ஒரு அம்மாவும் ஒரு சாரும். அந்த அம்மா மரியாதையாத்தான் பேசுனாங்க.

"உங்க வேலை அருமைன்னு சொன்னாங்க. ஆனா கடிதத்துல ஒத்தாசைன்னு இருக்கே. ஒத்தாசையை அனுபவமா எடுத்துக்க முடியாதுங்க."

"ஒத்தாசை இல்லைங்கம்மா. வேலையே நான்தான் பார்த்தேன்."

"இந்த கிளினிக்?" போட்டோவைக் காட்டிக் கேட்டாங்க.

"நான்தாங்க."

"இந்த மூணு மாடி?"

"அதுவும் நான்தாங்க. மூணாவது மாடி மட்டும் ரெண்டு தடவை இழுத்தேன், எலி கடிச்சுடுச்சு."

அந்த சார் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். அந்த அம்மா, கரண்ட் ஆபீஸ்ல இருந்து வாங்கி வச்சிருந்த ஒரு டெஸ்ட் ரிப்போர்ட்டைத் திருப்பி வச்சாங்க. "சோதிச்சது அவருன்னு கையெழுத்து இருக்கே?"

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தாரு. நான், பாவி, தலையை ஆட்டினேன்.

"சோதிச்சதும் நான்தாங்க. கையெழுத்தும் நான் போட்டதுதாங்க."

அந்த அம்மா பேனாவைக் கீழ வச்சாங்க. நம்பலைன்னு நினைச்சுட்டாரு மனுஷன். இத்தனை நாளா யாரும் நம்பாத ஏக்கம் வேற. அந்தப் பேனாவையே எடுத்து, போட்டோவைத் திருப்பிப் போட்டு, மச்சான் கையெழுத்தை ஒரே இழுப்புல போட்டுக் காட்டினாரு. ரிப்போர்ட்டு பக்கத்துல வச்சுப் பார்த்தா அச்சு அசல். நிமிர்ந்தாரு பாருங்க, இருபத்திரண்டு வருஷத்துல அப்படி ஒரு முகத்தை அவருகிட்ட நான் பார்த்ததில்லை.

சார் மெதுவாக் கேட்டாரு. "இது மாதிரி எத்தனை போட்டிருப்பீங்க?"

"கணக்கில்லைங்க"ன்னாரு. அதையும் பெருமையாத்தான் சொன்னாரு.

மூணு வாரத்துல தபால் வந்துச்சு. விண்ணப்பம் தள்ளுபடி. அடுத்தவர் கையெழுத்தைப் போட்ட குத்தத்துக்கு அஞ்சு வருஷம் மறுபடி விண்ணப்பிக்கக் கூடாது. அதே நாள் காண்ட்ராக்டருக்கும் ஒரு தபால். லைசன்ஸ் ரத்து. போலீஸ் வரைக்கும் போகலை, அது அந்த அம்மா புண்ணியமா இருக்கும். அண்ணனுக்கு இப்ப ஐம்பத்திமூணு. அஞ்சு வருஷம் கழிச்சுப் போனாலும் அனுபவம் என்னன்னு கேட்பாங்க. லைசன்ஸ் இல்லாம வேலை செஞ்சா தப்பு, வேலை செய்யலைன்னா அனுபவம் இல்லை. இதை நான் அவருகிட்ட சொல்லலை. அவருக்கே தெரிஞ்சிருக்கும்.

ஒரு சிமெண்ட் குடோன்ல மூட்டை இறக்கப் போனாரு. அண்ணி பேச்சைக் குறைச்சுக்கிச்சு. சாப்பாடு வச்சா தட்டுச் சத்தம்தான் கேட்கும்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. எண்ணி நாப்பதாம் நாள் அண்ணி கடைக்கு வந்து, "நீங்களாவது அவரைக் கூட்டிட்டுப் போய் எங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை பேச வைங்க. நீங்கதானே எல்லாத்துக்கும் கூடப் போனீங்க"ன்னுச்சு. சாதாரணமாத்தான் சொல்லுச்சு. எனக்குத்தான் சுருக்குன்னுச்சு.

ஞாயித்துக்கிழமை போனோம். காண்ட்ராக்டர் காலை ஸ்டூல் மேல நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு. சுவத்துல லைசன்ஸ் மாட்டியிருந்த இடம் மட்டும் பெயிண்ட் மங்காம சதுரமா இருந்துச்சு. அவரு வீட்டம்மா டீயை வச்சுட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போச்சு. நானே பேசலைன்னா பார்த்துக்குங்க.

"ஏன் மாப்பிள்ளை அப்படிச் சொன்னீங்க?"ன்னாரு காண்ட்ராக்டர். கோவமே இல்லை குரல்ல.

"ஒத்தாசைன்னு எழுதியிருந்தீங்க மச்சான்."

"பயந்துதான் எழுதினேன்."

"தெரியும். ஆனா அங்க உட்கார்ந்து ஒவ்வொண்ணா என்னுதுன்னு சொல்லச் சொல்ல, நிறுத்த முடியலை. அந்தக் கையெழுத்து ஒண்ணை மட்டும் விட மனசு வரலை."

காண்ட்ராக்டர் டீ கிளாஸைக் கையில சுத்திக்கிட்டே இருந்தாரு. "அந்த ஒண்ணுதான் மாப்பிள்ளை என்னுதா இருந்துச்சு"ன்னாரு.

அண்ணன் எழுந்தாரு. போயிட்டு வர்றேன்னு கூடச் சொல்லலை. வாசல்ல கிடந்த செருப்பை மாட்டிக்கிட்டுத் தெருவுல இறங்கி நடந்தாரு. அது என் செருப்பு. ஒரு கேலி நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டு, அவரோடதை மாட்டிக்கிட்டுப் பின்னாலயே போனேன்.