சும்மா சொல்லக்கூடாது

"என்ன பண்றே?" என்று யார் கேட்டாலும் அந்த வீட்டு மூத்த மகளிடம் ஒரே பதில்தான்: "சும்மாதான் இருக்கேன்." கல்லூரியை முடித்த நாளிலிருந்து அந்த வார்த்தை அவள் நாக்கு நுனியில் குடியேறிவிட்டது. அவள் மறந்தாலும் அம்மா மறக்க மாட்டாள். பெரியம்மா ஃபோனில் விசாரித்தால், "அவளா? டிகிரி முடிச்சிட்டு சும்மாதான் இருக்கா" என்று ஒரு பெருமூச்சும் சேர்த்து விடுவாள். அம்மாவையும் குற்றம் சொல்ல முடியாது. துணிக் கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடியே சட்டைகளுக்கு இஸ்திரி போடுகிறவள். கால் வீங்கினால்தான் அவள் கணக்கில் அது வேலை.

அவர்கள் குடியிருந்தது ஐந்து மாடிக் கட்டடத்தின் நாலாவது மாடியில். வயதான மாமனாரைப் போல அந்தக் கட்டடத்துக்கு நாளுக்கொரு கோளாறு. ஒரு நாள் லிஃப்ட் பாதியில் நின்றுவிடும், மறுநாள் மோட்டார் மக்கர் பண்ணும், அதற்கடுத்த நாள் மாடிப்படி விளக்குகள் கண்ணை மூடிக்கொள்ளும். நிர்வாகத் தலைவர் என்று பேருக்கு ஒருவர் இருந்தார், இரண்டாவது மாடி மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கூட்டம் போட்டு வாய் வலிக்கப் பேசுவார், அத்தோடு சரி.

அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெண் "சும்மா இருக்கிறாள்" என்று தெரிந்தால் விடுவார்களா? முதலில் எதிர்வீட்டு அத்தை ஆரம்பித்துவைத்தாள். உறவில் அத்தை இல்லை, கூப்பிடுவதில் அத்தை. "சும்மாதானே இருக்கே, லிஃப்ட்காரருக்கு ஒரு ஃபோன் போடேன்மா." அடுத்து கண்ணாடிக் கடைக்காரர். "சும்மாதானே இருக்கே, பிளம்பர் வந்தா கொஞ்சம் கூட நின்னு பாத்துக்கோம்மா, கடையை விட்டுட்டு நான் எங்க வர?" இப்படி ஒவ்வொன்றாக வந்து, கடைசியில் கட்டடத்தையே அவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

அவளும் வேண்டாவெறுப்பாகச் செய்யவில்லை, அதையும் சொல்ல வேண்டும். காலையில் வேலைக்கு விண்ணப்பம் போடுவாள், மிச்ச நேரத்தில் கட்டடத்தைக் கட்டி மேய்ப்பாள். ஐந்தாவது மாடிக் குளியலறை ஒழுகி அவர்கள் வீட்டுச் சுவர் ஊறியபோது, மேல்வீட்டுக்காரருக்கும் எதிர்வீட்டு அத்தைக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. குழாயோ இரண்டு வீட்டுக்கும் பொது. இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, உடைத்துச் சரிபண்ண ஒத்துக்கொள்ள வைத்தவள் இவள்தான். ரிப்பேர்காரர்களின் பாஷையும் அவளுக்கு அத்துப்படி. "பாக்கறேன்" என்றால் வரமாட்டார். "வந்துட்டே இருக்கேன்" என்றால் இன்னும் குளிக்கவே இல்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நேத்தே வந்திருப்பேனே" என்றால் நேற்று சொன்னதை மறந்துவிட்டார்.

இவ்வளவும் செய்துவிட்டு, கேட்டால், "சும்மாதான் இருக்கேன்!" இந்தப் பெண்ணை என்ன செய்வது?

படித்தது கணக்கியல் என்பதால் கணக்கு வேலைக்கு மட்டுமே அவள் எழுதிப் போட்டுக்கொண்டிருந்தாள். கிடைத்தால் அம்மாவின் கால்களுக்கு ஓய்வு. அதைவிடப் பெரிய ஆசை ஒன்றும் இருந்தது. அம்மா வாயிலிருந்து அந்தச் "சும்மா" இனி வரக் கூடாது.

ஒருவழியாக ஒரு மருத்துவமனை அலுவலகத்திலிருந்து நேர்முகத்துக்கு அழைத்தார்கள். அம்மா கம்பெனிக்குப் போகும் அவசரத்திலும் மகளின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள், மடிப்பு கத்தி மாதிரி நின்றது. கணக்குக் கேள்விகளுக்கெல்லாம் டாண் டாண் என்று பதில் சொன்னாள் மூத்தவள். கடைசியாக அங்கிருந்த அம்மையார் சாதாரணமாகத்தான் கேட்டார்: "படிப்பு முடிஞ்சு ரெண்டு வருஷமாச்சே, இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?"

"சும்மாதான் இருந்தேன் மேடம்."

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். என்ன பிரயோசனம்? அம்மையார் சிரித்த முகத்தோடு ஃபைலை மூடினார். "சரிம்மா, சொல்லி அனுப்பறோம்." அந்தப் பாஷையும் அவளுக்குத் தெரியும். அதுவும் "பாக்கறேன்" ரகம்.

அழுகையை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், லிஃப்ட் வாசலில் எதிர்வீட்டு அத்தை. "அப்பாடா, வந்துட்டியா! மோட்டார்ல ஏதோ சத்தம் வருது. சும்மாதானே இருக்கே, என்னன்னு பாரேன்."

மூத்தவளுக்கு வந்ததே கோபம்! "ஆமா அத்தை, சும்மாதான் இருக்கேன். இனிமே நிஜமாவே சும்மா இருக்கப் போறேன்" என்றவள், நாலு மாடியையும் படியேறிக் கடந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சொன்னபடியே சும்மா இருந்தாள். மறுநாள் மோட்டார் நின்றது. கண்ணாடிக் கடைக்காரர் ஒரு ஆளைக் கூப்பிட்டார், அத்தை ஒரு ஆளைக் கூப்பிட்டாள், மேல்வீட்டுக்காரர் மூன்றாவதாக ஒருவரைக் கூப்பிட்டார். மூவருமே "வந்துட்டே இருக்கேன்" என்றார்கள். எல்லோரும் நம்பிக் காத்திருந்தார்கள், பாவம். அதற்கு மறுநாள் மேல்தொட்டி காலி. போதாததற்கு லிஃப்ட்டும் படுத்துக்கொண்டது. "நீங்க கூப்பிட்ட ஆளு எங்கே?" "உங்க ஆளு மட்டும் வந்துட்டானா?" என்று மாடிப்படியில் ஒரே களேபரம். மூத்தவள் காதில் பஞ்சை வைக்காத குறையாக உள்ளேயே இருந்தாள்.

சாயங்காலம் படியில் வாளி இடிபடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். வேலை முடிந்து வந்த அம்மா, தெருக்குழாயில் பிடித்த தண்ணீரோடு மூன்றாவது மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. "உனக்கு இன்டர்வியூ சரியா போகலன்னு தெரியும். அதான் கூப்பிடல" என்றாள் அம்மா.

அவ்வளவுதான், மூத்தவளின் வீராப்பெல்லாம் எங்கே போயிற்றோ! வாளியை வாங்கி வைத்துவிட்டு, அங்கேயே படியில் நின்று மோட்டார்காரருக்கு ஃபோன் போட்டாள். அம்மா கால் நீட்டி உட்கார்ந்தாள்.

"அண்ணே, வந்துட்டே இருக்கீங்களா? சந்தோஷம். வண்டி சத்தமே கேக்கலயே? டிவி சத்தம்தான் கேக்குது… பரவால்லண்ணே, சாப்பிட்டே வாங்க. போன தடவை மாத்தினீங்களே, அந்த பேரிங்தான் கத்துதுன்னு நினைக்கிறேன், புதுசு ஒண்ணு எடுத்துட்டு வந்துடுங்க. ரெண்டு நடை வேணாம்." அடுத்து லிஃப்ட்காரர். அவரிடம் சிரிப்பு கிடையாது. "கதவு மூடாம நின்னிருக்கு சார். வயசானவங்க இருக்காங்க, நாளைக்குங்கற பேச்சே வேணாம்." அதற்கப்புறம் படியில் சண்டை போட்டவர்களிடம் திரும்பி, யார் வீட்டில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று விசாரித்து, பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு முதலில் அனுப்பினாள். இருட்டுவதற்குள் மோட்டார் ஓடியது, லிஃப்ட்டும் எழுந்துகொண்டது.

மகள் வேலை பார்த்து அம்மா பார்த்தது அன்றுதான். பகலில் இதெல்லாம் நடக்கும்போது அம்மா கம்பெனியில் அல்லவா இருப்பாள்!

"சும்மாதானே இருந்தே, ரெண்டு நாள் முன்னாடியே பண்ணியிருக்கலாம்ல?" என்றாள் எதிர்வீட்டு அத்தை, வழக்கம்போல.

அம்மா விருட்டென்று எழுந்தாள். "யாரு சும்மா இருந்தா? அவ நிஜமா சும்மா இருந்தது இந்த ரெண்டு நாள்தான். அந்த லட்சணத்தைத்தான் எல்லாரும் பாத்தோமே!"

அத்தை நைசாகத் தன் வீட்டுக்குள் நழுவினாள். மூத்தவள் அம்மாவையே வெறித்துப் பார்த்தாள். அத்தனை சந்தோஷம் அவளுக்கு.

மறுநாள் வேலை விளம்பரங்களைப் புரட்டியபோது, வழக்கமாகத் தள்ளிவிட்டுப் போகும் ஒன்றில் அவள் விரல் நின்றது. "அம்மா, இங்க பாரேன். நான் பண்றதுக்கு ஒரு பேரே இருக்கு. கட்டடப் பராமரிப்பு மேற்பார்வையாளர். சம்பளம்கூடக் குடுக்கறாங்களாம்!" பயோடேட்டாவில் வெறுமையாகக் கிடந்த அந்த இரண்டு வருடத்துக்குள் கட்டடத்தையே தூக்கி வைத்து அனுப்பினாள்.

பெரிய அலுவலக வளாகம் அது. நேர்முகத்தில் இருந்த மேலாளரும் அதே கேள்விக்குத்தான் வந்து சேர்ந்தார். "படிப்பு முடிச்சு ரெண்டு வருஷமா என்ன பண்ணீங்க?"

"சும்…" என்று ஆரம்பித்தே விட்டது பாழாய்ப்போன நாக்கு. பிடித்து நிறுத்தினாள். "சும்மா இருக்கவே விடல சார்" என்றாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து மோட்டார், லிஃப்ட், ஒழுகிய குழாய் எல்லாவற்றையும் சொன்னாள். முதல் முறையாக அது அவள் காதுக்கே ஒரு வேலையாகக் கேட்டது.

"சரி, ரிப்பேர்காரர் 'வந்துட்டே இருக்கேன்'னு சொல்றார். என்ன செய்வீங்க?"

"முதல்ல டிவி சத்தம் கேக்குதான்னு கவனிப்பேன் சார்."

மேலாளர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "எங்க ஆளுங்களையும் நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்கீங்களே! திங்கட்கிழமை வந்து சேர்ந்துடுங்க."

அன்று சாயங்காலம் அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் பெரியம்மாவுக்கு ஃபோன் போட்டாள். ஊர் நிலவரமெல்லாம் பேசிய பிறகு, பெரியம்மாவின் குரல் வெளியே கேட்டது: "ஆமா, மூத்தவ என்ன பண்றா?"

"சும்மா…" என்று ஆரம்பித்தாள் அம்மா.

உள்ளே திங்கட்கிழமைக்கான சட்டையை மடித்துக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றுவிட்டது.

"சும்மா சொல்லக்கூடாதுக்கா, என் பொண்ணு கெட்டிக்காரி. அவ்வளவு பெரிய கட்டடம், இனிமே அவ சொன்னாத்தான் அங்க லைட்டே எரியும்!"