தியாகிக்குப் பொன்னாடை

மாற்றுத்திறனாளிகளின் குடும்பத்தாரோடு கலந்து பேசப்போவதாகக் குரோம்பேட்டையில் ஒரு அரசுக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. போலியோவில் கால் பாதிக்கப்பட்ட என் மனைவிதான், பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் என்னைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனாள்.

மேடைக்குப் படிகள் மட்டுமே இருந்ததால் அவள் கீழேயே உட்கார்ந்தாள். என்னை மேலே ஏற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள்.

"சார், இத்தனை வருஷமா இவங்களை எப்படிப் பார்த்துக்கறீங்க? உங்க தியாகத்தைப் பத்திச் சொல்லுங்க" என்று அதிகாரி மைக்கை நீட்டினார். அவளிடம் ஒரு கேள்விகூட இல்லை. நானும் வெட்கமில்லாமல் ஐந்து நிமிடம் பேசினேன்.

வெளியே வந்தால், மழையில் சீட் நனைந்திருந்தது. அவள் என் தோளிலிருந்த பொன்னாடையை உருவித் துடைத்துப் பார்த்தாள். ஈரம் போகவில்லை.

"துடைக்கக்கூட இதுக்குத் துப்பில்ல. தியாகி சார், ஏறுங்க, வீட்டுக்குப் போலாம்."