புளி போட்டுத் தேய்த்த ரீல்

அந்த ரீலைக் கெடுத்தது நான்தான். கடலுக்குப் போய்வந்த, தூண்டில் நரம்பைச் சுற்றும் ரீலில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. என் கை சும்மா இருக்குமா? பித்தளைக் குடத்தைத் தேய்ப்பதுபோல் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்து வெயிலில் கவிழ்த்தேன். பளபள என்றுதான் இருந்தது. கைப்பிடியைச் சுற்றினால் கறகறவென்று இரண்டு சுற்று வந்து நின்றுவிட்டது.

என் வீட்டுக்காரர் திட்டவில்லை. "கடல்ல கெடாதத கொல்லையில கெடுத்துட்டியே" என்று சிரித்தார்.

ஜெயங்கொண்டத்து வாத்தியாரான இவருக்குக் கடல் பைத்தியம் எங்கிருந்துதான் பிடித்ததோ! சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் கும்பகோணம் பஸ்ஸைப் பிடித்து, மாறி மாறித் தரங்கம்பாடி போய்விடுவார். நானும் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு கூடவே போவேன். அலைக்கு அப்பால் ஈயக்குண்டை வீசும்போது அவர் தோள் ஒரு வளைவு வளையும் பாருங்கள், அதைப் பார்க்கத்தான் போவேன். மீனெல்லாம் ஒரு சாக்கு. 

ரீல் கெட்ட மாதமே அவருக்குப் பக்கவாதம் வந்தது. நடை திரும்பியது, வலது கை திரும்பவில்லை. புது ரீல் வாங்கலாமா என்று கேட்டேன்.

"இனிமே எவன் கடலுக்குப் போவப் போறான்? வுடு."

எல்லாவற்றையும் விட்டுவிட்டவரின் குரல் அது. எனக்குத் தாங்கவில்லை. மறுநாளே பஸ் மாறி லப்பைக்குடிக்காடு போனேன். வளைகுடாவில் வேலை பார்த்து, அங்கேயும் கரையில் நின்று மீன் பிடித்த பாய் ஒருவர் அங்கே தூண்டில் சாமான் கடை வைத்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் லேசான ரீல் ஒன்றை நீட்டினார்.

"சாருக்கு இது போதும்க்கா. ரெண்டு வருஷம் தாராளமா வரும்."

எனக்குச் சுருக்கென்றது. "ஏன் பாய், அவருக்கு ரெண்டு வருஷந்தான்னு எந்த டாக்டர் உங்ககிட்ட சொன்னாரு?"

"யா அல்லாஹ்! அப்புடி சொல்லலக்கா!" பதறிப்போய் மேல்தட்டிலிருந்து வேறொன்றை இறக்கினார். உலோக உடம்பு, கையில் கனத்தது. கைப்பிடியை ஆட்டிப் பார்த்தேன், ஆட்டமில்லை. காதருகே வைத்துச் சுற்றினேன், சத்தமில்லை. மணலும் உப்புத்தண்ணீரும் புகாதபடி உள்ளே ரப்பர் வளையம் இருப்பதாகச் சொன்னார். இடது கையாலும் சுற்றலாம் என்றார். எனக்கு அதுதானே வேண்டும்!

"நல்ல தண்ணில அலசி நெழல்ல காய வைங்க. பத்து வருஷம் உழைக்கும், இன்ஷா அல்லாஹ்."

அடுத்த சனிக்கிழமை அவரை இழுத்துக்கொண்டு தரங்கம்பாடி போனேன். சுற்ற அவர் இருக்கிறார், வீச யார் இருக்கிறார்கள்? சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நானே வீசினேன். குண்டு என் காலடியிலேயே விழுந்தது. அவர் சிரித்தார். எத்தனை மாதமாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு! நாலாவது வீச்சு அலையைத் தாண்டியது. நான் கம்பைப் பிடித்துக்கொள்ள, அவர் இடது கையால் மெள்ளச் சுற்றினார். வெறும் தூண்டில்தான் வந்தது.

"இது எவ்வளவு நாளைக்கு வரும்னாரு பாய்?"

"பத்து வருஷம்ங்க."

"அப்ப நல்லா வீசக் கத்துக்க" என்றார். "பத்து வருஷமும் நீதான வீசணும்."