எங்கள் வீட்டுத் தெலுங்கு

கணபதியில் எங்கள் தெருவுக்குள் நுழைந்து தெலுங்கு வீடு எது என்று கேட்டால் சின்னப்பிள்ளைகூடக் கைகாட்டும். பின்பக்கம் அப்பாவின் மோட்டார் பட்டறை, முன்பக்கம் நாங்கள். வெளியே எல்லாரையும்போலக் கொங்குத் தமிழ் பேசிவிட்டு, செருப்பைக் கழற்றி வாசற்படி தாண்டியதும் தெலுங்குக்கு மாறிக்கொள்வோம். அந்தத் தெலுங்கை எங்களில் ஒருவருக்கும் எழுதவோ படிக்கவோ தெரியாது. எந்தத் தலைமுறையில் யார் எந்த ஊரிலிருந்து கொண்டுவந்தார்கள் என்பதும் தெரியாது. அது வீட்டில் இருந்தது, அவ்வளவுதான்.

அதை என்னிடம் அதிகம் பேசியவள் அத்தை, அப்பாவின் தங்கை. பி.காம். முடித்துவிட்டுக் கல்யாணத்துக்குக் காத்திருந்தாள். மத்தியானங்களில் அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருக்க, நான் அத்தையின் மடியில் தலைவைத்துப் படுத்திருக்க, வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையை வாசிப்பாள். பத்திரிகையில் இருந்தது தமிழ். அவள் வாயிலிருந்து வந்தது தெலுங்கு. கண்ணுக்கும் வாய்க்கும் நடுவில் எங்கேயோ மாற்றிவிடுவாள். கதையில் வந்த மெட்ராஸ் டாக்டர்களும் பணக்காரப் பெண்களும் கொலைகாரர்களும் எங்கள் வீட்டு ஆட்களைப் போலவே பேசினார்கள். உலகத்துக் கதைகள் எல்லாமே அந்த மொழியில்தான் எழுதப்படுகின்றன என்று நான் வெகுநாள் நம்பியிருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அத்தைக்குக் குண்டூரிலிருந்து ஒரு வரன் வந்தது. அப்பாவின் பம்புசெட்டுகளை அந்தப் பக்கம் விற்றுக்கொண்டிருந்த வியாபாரி ஏற்பாடு செய்தது. அவ்வளவு தூரமா என்று அம்மா தயங்கினாள். "தூரமா இருந்தா என்ன, நம்ம பாஷை பேசறவங்கதானே," என்றார் அப்பா. பாஷையை நம்பித்தான் அந்தச் சம்பந்தமே தொடங்கியது.

பெண் பார்க்க வந்தவர்களுக்கு இலை போட்டுப் பரிமாறினோம். மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் கூடு போடட்டுமா?" என்று அப்பா உபசரித்தார். எங்கள் வீட்டில் சோற்றுக்குக் கூடு என்றுதான் பெயர். அந்த அம்மாளின் கை இலையிலேயே நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வியாபாரி அவசரமாகக் குறுக்கே வந்து ஏதோ சமாதானம் சொன்னார். அவர்கள் ஊரில் அன்னம் என்றுதான் சொல்வார்களாம். கூடு என்பது திட்டும்போது வருகிற வார்த்தையாம். அந்த அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு, அரவக்காரர்களின் தெலுங்கு இப்படித்தான் இருக்கும் என்று தன் அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

அரவம் என்றால் பாம்பு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் பயந்துபோய் அத்தையிடம் ஓடினேன்.

"தமிழ்க்காரங்களை அவங்க ஊர்ல அப்படிச் சொல்லுவாங்களாம்," என்றாள் அத்தை.

"நாம தமிழ்க்காரங்களா?"

அத்தை கண்ணாடியைப் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள். "அவங்களுக்கு அப்படித்தான், கண்ணு."

பிறகு மாப்பிள்ளையும் அத்தையும் பேசட்டும் என்று மொட்டைமாடிக்கு அனுப்பினார்கள். தனியாக அனுப்பக்கூடாது என்பதால் நானும் போனேன். அவர் எது கேட்டாலும் அத்தை இங்கிலீஷிலேயே பதில் சொன்னாள். ஏன் தெலுங்கில் பேசமாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டார். சிரிப்பீர்கள் என்றாள். தான் சிரிக்கவில்லை, அக்காதான் சிரித்தாள் என்றார் அவர். பிறகு மிகவும் கனிவாக, கவலைப்படாதீர்கள், எங்கள் ஊருக்கு வந்துவிட்டால் அதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்றார். காய்ச்சலாகக் கிடப்பவரிடம் பேசுவதைப்போல அவ்வளவு அக்கறையாக இருந்தது அந்தக் குரல். அத்தைக்கு அவரைப் பிடித்துப்போனது. எனக்கும் பிடித்தது.

நிச்சயமானபின் அப்பா கேபிள் கனெக்‌ஷன் எடுத்தார். தெலுங்குச் சேனலில் செய்தி வாசிக்கும் பெண்ணின் எதிரே உட்கார்ந்து அத்தை முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். எனக்கும் பயிற்சி நடந்தது. எங்கே என்பதற்கு நாங்கள் 'யாட' என்போம். இனி 'எக்கட' என்று சொல்ல வேண்டும். நான் மறந்து யாட என்றால் தொடையில் ஒரு கிள்ளு விழும். சாப்பாட்டு நேரத்தில் அன்னம் போடச் சொல்லி அத்தை கேட்டபோது அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அன்னம்னா கோயில்ல போடறது. இங்க கூடுதான் இருக்குது, வேணுமா வேண்டாமா?" என்றாள். அன்றைக்கு அத்தை சிரித்துக்கொண்டே தட்டை நீட்டினாள்.

மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய கல்யாணப் பத்திரிகைகள் முழுக்கத் தெலுங்கு எழுத்தில் இருந்தன. அவற்றை மஞ்சள் தடவி சாமி படத்துக்கு முன்னால் வைத்தோம். எதிர்வீட்டு அக்கா வாங்கிப் பார்த்து, "ஏனுங்க, என்ன போட்டிருக்குதுனு நீங்களே படிச்சுச் சொல்லீருங்க," என்று அம்மாவிடம் நீட்டினாள். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தேதியை மட்டும் வாயால் சொன்னாள்.

கல்யாணம் முடிந்து அத்தை போய்விட்டாள். வீட்டில் மத்தியானங்கள் நீளமாகிவிட்டன. தொடர்கதை பாதியில் நின்றது. கொஞ்சநாள் கழித்து அம்மாவே பத்திரிகையை எடுத்து எனக்காக வாசிக்கத் தொடங்கினாள். அம்மாவுக்கு மாற்றிச் சொல்லும் வித்தை தெரியாது. எழுதியிருந்தபடியே தமிழில் வாசித்தாள். டாக்டர்கள் டாக்டர்களைப் போலப் பேசினார்கள். எனக்குக் கதைமேல் இருந்த ஆசை போய்விட்டது.

ஆடி மாதம் அத்தை வந்தாள். பட்டறைக்காரர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அத்தை வேகமாகப் பேசினாள், வார்த்தைகள் ஒன்றோடொன்று இடிக்காமல், டிவியில் வருவதைப்போல வழுவழுவென்று. அப்பா பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பாதி புரியவில்லை என்பது அவர் தலையாட்டிய விதத்திலேயே தெரிந்தது.

எதிர்வீட்டு அக்கா வந்தாள். "ஏனுங்க அம்மணி, உங்கூட்டுப் பாஷையே மாறிப்போச்சுங்களா? நாங்களும் இத்தனை வருசமா கேட்டுட்டுத்தான இருக்கறோம், இப்ப ஒண்ணுமே புடிபடலீங்களே."

எல்லாரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள்.

மத்தியானம் நான் பழைய பத்திரிகையைக் கொண்டுபோய் நீட்டினேன். அவள் ஆசையாக வாங்கி, விட்ட இடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். ஆனால் கதையில் இருந்தவர்கள் எல்லாரும் வேறு யாரோவாக ஆகியிருந்தார்கள். தண்ணீர் குடிப்பதாகச் சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. மாடியில் கொடி நிறையத் துணி. "அண்ணீ, துணியெல்லாம் நனைஞ்சுபோச்சு, ஓடியாங்க," என்று அத்தை கத்தினாள். பழைய தெலுங்கில் கத்தினாள். அம்மா மாடிப்படியிலேயே நின்று அவளைப் பார்த்தாள். நனைந்த துணிகளோடு இருவரும் படியில் உட்கார்ந்து, எதற்கென்று சொல்லாமல், வெகுநேரம் சிரித்தார்கள். அதன்பிறகு அத்தை எங்களைப் போலவே பேசினாள். யாட வந்தது, கூடு வந்தது, மடியில் படுத்துக்கொண்டு நான் விட்ட கதையெல்லாம் கேட்டேன். மாமா அழைத்துப்போக வந்தபோது, கேட் திறக்கும் சத்தத்திலேயே அவள் பேச்சு மாறிவிட்டது.

பிறகு அத்தை அடிக்கடி வரவில்லை. அவளுக்குக் குழந்தை பிறந்தது. எங்கள் வீட்டில் தம்பி பிறந்தான். அவன் எல்.கே.ஜி. சேர்ந்தபோது, வீட்டில் வேறு பாஷை பேசினால் பையன் குழம்பிவிடுவான் என்று டீச்சர் சொல்லியனுப்பினார். அப்பாவும் அம்மாவும் அவனிடம் தமிழில் பேசப் பழகினார்கள். தமிழை ஒரு கையில் வைத்துக்கொண்டு என்னிடம் மறு கையால் தெலுங்கைக் கொடுப்பது அவர்களுக்குச் சிரமமாக இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக எனக்கும் தமிழே கிடைத்தது.

அதற்குள் எங்கள் வீட்டுக்கு ஃபோன் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அங்கே எல்லாரும் தூங்கும் நேரத்தில் அத்தை கூப்பிடுவாள். ஒருநாள் நான் எடுத்தேன். இங்கே என்ன விசேஷம் என்று கேட்டாள். கறிவேப்பிலைச் செடியை ஆடு கடித்துவிட்டது என்று எங்கள் வீட்டுத் தெலுங்கில் சொன்னேன்.

"என்ன சொன்னே? இன்னொருக்கா சொல்லு," என்றாள்.

சொன்னேன்.

"யாரு கடிச்சது?"

ஆடு என்றேன். எந்த ஆடு, எப்போது வந்தது, அம்மா என்ன சொல்லித் துரத்தினாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அம்மா திட்டியதை அப்படியே சொல்லச் சொன்னாள். சொன்னதும், கேட்கவில்லை, இன்னொருமுறை என்றாள். நான் ரிசீவரை வாயோடு ஒட்டிவைத்து, தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.  அந்தப் பக்கத்திலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது.

நான் ஃபோனைக் கையால் மூடிக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டேன். அத்தைக்குக் காது கேட்காமல் போய்விட்டது, சளியும் பிடித்திருக்கிறது, டாக்டரிடம் போகச் சொல்லுங்கள் என்றேன்.

அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். ஃபோனை வாங்கினாள். காதைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. அடுப்பில் பால் வைத்திருந்ததையும் மறந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஆடு வந்த கதையை ஆரம்பத்திலிருந்து எங்கள் தெலுங்கில் சொல்லத் தொடங்கினாள். அவள் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. இவ்வளவு மெதுவாகச் சொன்னால் அத்தைக்கு எப்படிக் கேட்கும் என்ற கவலையில் நான் அவள் முழங்கையைத் தட்டிக்கொண்டே நின்றேன்.