அக்கா மகனின் தகடு

வெல்டிங் தேர்வு என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு சத்தம். மாணவன் இரண்டு இரும்புத் தகடுகளை ஒட்டித் தருவான். அதிலிருந்து ஒரு பட்டையை அறுத்து, அழுத்தும் இயந்திரத்தில் வைத்து லாடம் போல வளைப்பார்கள். ஒட்டு நன்றாயிருந்தால் சத்தமே வராது. அன்று ‘டக்’கென்று வந்தது. தேர்வு நடத்திய மேடம் பட்டையை எடுத்து, விரிசலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “பெயிலுங்க” என்றார். தோற்றவன் அவருடைய அக்கா மகன்.

தொண்ணூறுகளின் நடுவில், சூலூருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் தொழிற்பயிற்சி நிலையத்தில் நான் வரைபடம் சொல்லிக்கொடுத்தேன். மேடம் வெல்டிங் பிரிவின் தேர்வாளர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா, அம்மா போன பிறகு அக்கா வீடுதான் அவருக்கு எல்லாம். அந்தச் சமயம் ஐரோப்பாவிலிருந்து ஒரு குழு எங்களைப் பார்வையிட வருவதாக இருந்தது. எங்கள் தரத்தை அவர்கள் ஏற்றுக்கொண்டால், எங்கள் சான்றிதழைக் கொண்டே பிள்ளைகள் அங்கே வேலைக்குச் சேரலாம்.

முதல்வர் தவித்துப்போனார். “எல்லாரும் பாசுன்னு இருந்தாத்தானுங்க மேடம் நல்லாருக்கும். பெயிலானது மூணு பேருதானுங்களே, மாத்திப்போடுங்க.”

“அங்க போயி இவன் ஒட்டுனது உட்டுப்போச்சுன்னா, கீழ நிக்கறவனுக்கு என்னங்க சார் பதில் சொல்றது?” என்றார் மேடம்.

மறுநாள் அக்காவே பட்டறைக்கு வந்துவிட்டார். “தூக்கி வளத்தவளே அவன் பொழப்பக் கெடுத்துப்போட்டியே! இனி என்ற ஊட்டு வாசப்படி மிதிக்காத.” கையுறையைக்கூடக் கழற்றாமல் மேடம் நின்றுகொண்டிருந்தார். அதன்பின் ஆசிரியர்களும் அவரிடமிருந்து ஒதுங்கினார்கள். மதியத்தில் சில நாள் நான் அவர் எதிரே போய் உட்காருவேன். பேச்சு இரண்டு வாக்கியத்துக்கு மேல் நகராது. சாப்பாட்டை முடித்து டப்பாவை மூடிய பிறகும் எங்கே போவது என்று தெரியாதவர் போல அங்கேயே இருப்பார்.

குழு வந்தது. நல்ல பட்டைகளை மட்டும் மேசையில் அடுக்கி வைத்திருந்தோம். வந்தவர்களில் மூத்தவர் அவற்றைப் பார்த்துவிட்டு, “இங்கே யாருமே தோற்பதில்லையா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். மேடம் உள்ளே சென்று விரிசல் விட்ட பட்டைகளை எடுத்துவந்து வைத்தார். மூவருக்கும் மறுபயிற்சி நடப்பதாகச் சொன்னார். ஒன்றைத் தொட்டு, “இவனுக்கு மறுதேர்வை வேறொருவர் நடத்துவார். இவன் என் அக்கா மகன்” என்றார். மூத்தவர் அந்தப் பட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கிளம்பும்போது, தோற்றவர்களைக் காட்டியதால்தான் வென்றவர்களை நம்ப முடிகிறது என்று முதல்வரிடம் சொல்லிப் போனார். அங்கீகாரம் கிடைத்தது. விழா எடுத்தோம். மேடையில் மேடத்தின் பெயரை யாரும் சொல்லவில்லை.

இன்று எந்தப் பயிற்சி நிலையத்துக்குப் போனாலும் ‘தர உறுதிப் பிரிவு’ என்று பலகை மாட்டிய அறை இருக்கிறது. உள்ளே நாலைந்து பேர் சேர்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். எங்களிடம் மேடம் ஒருவர்தான் இருந்தார்.

அக்கா மகன் மறுதேர்வில் தேறி, வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பினான். போவதற்கு முன் பாத்திரம் நிறைய, வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தான். வெல்டிங் பட்டறைப் பக்கம் மட்டும் போகவில்லை. என் பங்கை நான் மேடத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லை. ஒரு விள்ளல் வாயில் போட்டவர் மெல்லுவதை நிறுத்தினார்.

“எங்கக்கா சுட்டதுங்களா?”

தலையாட்டினேன். மிச்சத்தை ஒரு துணுக்குக்கூடச் சிந்தாமல், மெதுவாகத் தின்று முடித்தார்.